வண்டி கிளம்பாமலே போன மெயில்

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, திருச்சூர் பக்கத்து மண்ணுத்தியிலிருந்து போன். அங்கே நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் சேட்டன், பல வருடமாக எங்களிடம் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறவர். "மேடம், லோடு புறப்பட்டு எந்நு மெயில் வந்நல்லோ. வண்டி எவிடெ எத்தி?" என்றார்.

அன்றைக்குத் திருச்சூர் பக்கம் எந்த வண்டியும் போகவில்லை. அவருக்கு லோடு திங்கட்கிழமைதான். சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, கட்டி இறக்க நான்கு பேருக்குச் சொல்லிவிட்டதாகவும், அவர்கள் மூன்று மணியிலிருந்து தன் பண்ணை வாசலில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளிகளை வரவழைத்துவிட்டு வண்டி வரவில்லை என்று சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று இந்தப் பக்கம் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

எத்தனை மெயில் வந்தது என்று கேட்டேன். எண்ணிச் சொன்னார். 31.

31 வண்டி வருகிறது என்று அவரும் நம்பவில்லை. ஆனால் தனக்கு ஒரு லோடு வர வேண்டியிருப்பது நிஜம். இந்த 31இல் ஒன்றாவது அதற்கு உரியதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். நியாயம்தான். ஆர்டர் சிஸ்டம் தானாக அனுப்பும்படி நான் தயார் செய்த அந்த மெயிலின் தலைப்பில் ஆர்டர் எண் இல்லை. 'உங்கள் சரக்கு கிளம்பிவிட்டது' என்று மட்டும் இருந்தது. சாண்ட்பாக்ஸில், அதாவது சிஸ்டத்தின் சோதனை நகலில், வைத்துப் பார்த்தபோது அந்த மெயில் எனக்கு மட்டும்தான் வந்தது, தடவைக்கு ஒன்றாக. எந்த ஆர்டருக்கு என்று எனக்கே தெரியும் என்பதால், எண் வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அன்று மொத்தம் போனது கிட்டத்தட்ட 1,800 மெயில். எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்து, கட்டியை ஊற வைத்து, செடி வைத்து, அந்தச் செடியும் விற்றுப்போன லோடுகளுக்கு. முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "டெஸ்ட் பண்ணீங்கல்லம்மா?"

பண்ணினேன். 41 முறை பண்ணினேன். நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். ரேஷன் கார்டு கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ், பஸ்ஸில் இரண்டும். வேலை பார்க்கும் கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில். தென்னை நார்க்கழிவைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தி விற்கிறார்கள். பாதி வெளிநாட்டுக்குக் கப்பலில் போகும், மீதி கேரளத்து நர்சரிகளுக்கு லாரியில். ஆர்டர், டிஸ்பாட்ச், பாக்கி எல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதை ஓட வைப்பது என் வேலை. வாரத்தில் இரண்டு நாள் நேரில் போவேன், மற்ற நாள் வீட்டுத் திண்ணை அறைதான். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

சாண்ட்பாக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஓடுகிற சிஸ்டத்தின் நகல் அது. புதிதாக எதைக் கட்டினாலும் அங்கே கட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் லைவுக்குத் தள்ளுவோம். இதில் பல தரம் உண்டு. எங்களிடம் இருந்தது டெவலப்பர் சாண்ட்பாக்ஸ், 200 எம்பி இடம். அதில் லைவ் சிஸ்டத்தின் அமைப்பு முழுதாக வரும். ஃபீல்டு (ஒரு விவரத்தை நிரப்பும் கட்டம்), ஸ்கிரீன், விதிகள் எல்லாம் இருக்கும். தகவல் வராது. ஒரு வாடிக்கையாளர் இல்லை, ஒரு ஆர்டர் இல்லை. வெள்ளையடித்த புது வீடு மாதிரி இருக்கும், யாரும் குடியிருந்த தடம் தெரியாது. எல்லாத் தகவலும் அப்படியே வருகிற ஃபுல் சாண்ட்பாக்ஸும் இருக்கிறது, 29 நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அதன் விலையை முதலாளியிடம் சொல்லும் தைரியம் எனக்கு அப்போது இல்லை.

அந்த மெயில் விதி எங்களிடம் புதிதும் அல்ல. பல வருடமாக வொர்க்ஃப்ளோ ரூல் என்ற பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்ததுதான். ஆர்டரின் நிலை 'அனுப்பியாச்சு' என்று மாறினால் வாடிக்கையாளருக்கு ஒரு மெயில். வொர்க்ஃப்ளோ ரூல், அதே போன்ற இன்னொரு பழைய முறையான ப்ராசஸ் பில்டர் இரண்டுக்குமான சப்போர்ட் 2025 டிசம்பர் 31 உடன் முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் ஃப்ளோ என்ற புது முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய ரூலை அப்படியே ஃப்ளோவாக மாற்றித்தர ஒரு கருவியும் உண்டு. நான் அதைப் பயன்படுத்தவில்லை. எப்படியும் மாற்றுகிறோம், கூடவே இன்னும் இரண்டு வேலை சேர்த்துவிடலாம் என்று கையாலேயே கட்டினேன். ஏற்றி முடித்த நேரத்தை ஒரு ஃபீல்டில் பதிய வேண்டும், டிஸ்பாட்ச் ஆட்களுக்கு ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) போடச் சொல்லி ஒரு பணி உருவாக்க வேண்டும். இவ்வளவுதான்.

சாண்ட்பாக்ஸில் 12 ஆர்டர் உண்டாக்கினேன். வாடிக்கையாளர் பெயர்கள் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு, அப்பா நர்சரி, அம்மா நர்சரி. ஒவ்வொன்றையும் திறந்து, நிலையை மாற்றி, சேவ் கொடுத்து, மெயில் வருகிறதா, பணி உருவாகிறதா, நேரம் பதிகிறதா என்று பார்த்தேன். தொகையைக் காலியாக விட்டுப் பார்த்தேன். மெயில் முகவரி இல்லாத வாடிக்கையாளரைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி.

லைவுக்குத் தள்ளிய அன்றும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சின்ன அடி மட்டும் விழுந்தது. முதலாவது, பணியை ஒதுக்க வேண்டிய க்யூவின் (ஒரு குழுவுக்கான பொது வரிசை) ஐடியை ஃப்ளோவுக்குள் நேரடியாக எழுதியிருந்தேன். 18 எழுத்து ஐடி. சாண்ட்பாக்ஸில் நான் உண்டாக்கிய க்யூவும் லைவில் உண்டாக்கிய க்யூவும் பெயரில்தான் ஒன்று, ஐடி வேறு வேறு. முதல் ஆர்டரிலேயே சேவ் ஆகாமல் சிவப்பு எழுத்து வந்தது. ஃப்ளோவில் பிழை வந்தால் எங்கே போவது என்று வழி சொல்லாமல் விட்டால், சேவ் செய்ததையே சிஸ்டம் ரத்து செய்துவிடும். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, ஐடியை எடுத்துவிட்டு, பெயரை வைத்துத் தேடி எடுக்கும்படி மாற்றினேன். புத்தகத்தில் முதல் பாடமாகச் சொல்வது. எனக்கும் தெரியும். இருந்தும் செய்தேன்.

இரண்டாவது அடி சுவாரசியமானது. மறுநாள் டிஸ்பாட்ச் அண்ணன் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மிணி, ஏத்தி முடிச்ச நேரம் வருமுன்னீங்களே, நம்ம ஸ்கிரீன்ல ஒண்ணையுங் காணோமுங்களே."

"இருக்குமுங்கண்ணா, கீழ பாருங்க."

"கீழ, மேல, பக்கத்துல எல்லாம் பாத்தாச்சுங்."

நானும் திறந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. நான் அட்மின், எனக்கே தெரியவில்லை! ஃப்ளோ ஓடவில்லையோ என்று நினைத்து அரைமணி நேரம் அதைக் குடைந்தேன். ஃப்ளோ அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரத்தைப் பதிந்துகொண்டும் இருந்தது. விஷயம் இதுதான்: புது ஃபீல்டை லைவுக்கு அனுப்பும்போது, அதை யார் பார்க்கலாம் என்ற அனுமதியையும் கூட அனுப்ப வேண்டும். பெர்மிஷன் செட்டையோ ப்ரொஃபைலையோ சேர்க்காமல் விட்டால் ஃபீல்டு மட்டும் போய் இறங்கும், யார் கண்ணுக்கும் படாது. ஆனால் ரெக்கார்டு, அதாவது ஒரு ஆர்டரின் பதிவு, மாறும்போது ஓடும் ஃப்ளோ சிஸ்டத்தின் அதிகாரத்தில் ஓடுவது, அதற்கு அந்த அனுமதியெல்லாம் தேவையில்லை. ஆக ஒரு நாள் முழுக்க என் ஃப்ளோ யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஒழுங்காக நேரம் எழுதிக்கொண்டிருந்தது. பேய் கணக்கு எழுதியது போல.

மாற்றங்களை சாண்ட்பாக்ஸிலிருந்து லைவுக்குக் கொண்டுபோகும் சேஞ்ச் செட் என்பது ஒரு பெட்டி. சாண்ட்பாக்ஸில் என்னென்ன மாற்றினோமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டு அப்லோடு செய்ய வேண்டும். செய்ததும் பெட்டி மூடிக்கொள்ளும். மறந்ததை உள்ளே போட முடியாது, நகல் எடுத்து மறுபடி அனுப்ப வேண்டும். என் பட்டியலில் 'லோடு மெயில் ஃபைனல்', 'லோடு மெயில் ஃபைனல் 2', 'லோடு மெயில் இதுதான்' என்று மூன்று இருக்கின்றன. எதையும் சேர்க்கத்தான் அதில் முடியும், லைவில் இருப்பதை அழிக்க முடியாது. பெட்டியில் போகாத சமாச்சாரங்கள் நிறைய. அவை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அடியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, 1,800 மெயிலுக்கு வருகிறேன்.

லைவுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா, கேரளத்து ஆர்டர்களை மாவட்ட வாரியாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, பழைய ஆர்டர் எல்லாவற்றுக்கும் 'மாவட்டம்' என்ற ஃபீல்டை எக்செலில் நிரப்பி, டேட்டா லோடர் என்ற கருவியில் மொத்தமாக ஏற்றினார். அவர் வேலையை அவர் சரியாகவே செய்தார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்ற ஒரு காரணமும் இல்லை, மாவட்டத்துக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ஃப்ளோவின் முதல் கட்டத்தில் இருந்தது. எந்த ரெக்கார்டு மாறினால் ஓட வேண்டும், என்ன நிபந்தனை என்று கேட்கும் இடம். நிபந்தனை: நிலை 'அனுப்பியாச்சு'. அதற்குக் கீழே சின்னதாக இரண்டு வட்டம். ஒன்று, ரெக்கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் நிபந்தனை பொருந்தியிருந்தால் ஓடு. மற்றது, பொருந்தாமல் இருந்த ரெக்கார்டு மாறிப் பொருந்தும்போது மட்டும் ஓடு. எனக்கு வேண்டியது இரண்டாவது. இருந்தது முதலாவது. நான் அதைத் தொடவே இல்லை. என் 12 ஆர்டரையும் நான் திறந்தது ஒரே காரியத்துக்கு, நிலையை மாற்ற. அப்படிச் செய்தால் இரண்டு வட்டமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். 41 முறை ஓட்டினாலும் 410 முறை ஓட்டினாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

எக்செலிலிருந்து இந்த சிஸ்டத்துக்கு மாறிய காலத்தில், பழைய ஆர்டர்களை ஏற்றும்போது எது எப்போது போய்ச் சேர்ந்தது என்ற விவரம் யாரிடமும் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் நிலை 'அனுப்பியாச்சு' என்றே போட்டுவிட்டோம். 'சேர்ந்தாச்சு' என்று யாரும் பிறகு மாற்றவும் இல்லை. அதைப் போட்டதும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மாவட்டத்தை ஏற்றியதும் அத்தனை ரெக்கார்டும் மாறின, அத்தனையும் நிபந்தனைக்குப் பொருந்தின, 200 ரெக்கார்டு கொண்ட கட்டுக்கட்டாக உள்ளே போய் மெயிலாக வெளியே வந்தன.

பழைய வொர்க்ஃப்ளோ ரூலில் இந்தத் தேர்வைச் சரியாகத்தான் வைத்திருந்தோம், திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது. யாரென்றுகூட எனக்குத் தெரியாது, அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இதை என் மாமாவிடம் ஒருநாள் சொன்னேன். அம்மாவின் தம்பி. முன்பு பால் வண்டி ஓட்டினவர். எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற பாலை அங்கே எடுத்துச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஓணம் நெருங்கினால் கெடுபிடி இன்னும் கூடும். வணிகவரிச் சாவடிகளெல்லாம் 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு போய்விட்டன, பால் சாவடி இன்னும் இருக்கிறது. மாமா கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சொசைட்டில பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுன்னு சாவடில நின்னு சொன்னா எவன் கேப்பான் கண்ணு?" என்று சிரித்தார். அவர் சொன்னது என் கதைக்கு முழுதாகப் பொருந்தாது. என் பால் வழியில் கெடவில்லை. ஊற்றிய பாத்திரத்தில் ஏற்கெனவே பழைய பால் கிடந்தது. ஆனால் அதை மாமாவிடம் விளக்கப் போனால் இன்னொரு டீ குடிக்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதலாளியே பார்ஷியல் காப்பி சாண்ட்பாக்ஸ் வாங்கச் சொன்னார். 5 ஜிபி. நாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு வகை ரெக்கார்டிலும் 10,000 வரை நிஜத் தகவலை எடுத்துக்கொள்ளும், ஐந்து நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். எங்கள் அளவுக்கு இது போதும். இப்போது சாண்ட்பாக்ஸில் பழைய ஆர்டர்கள் இருக்கின்றன. பாதி நிரப்பிய முகவரி, இரண்டு தடவை பதிவான வாடிக்கையாளர், போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிறகு கேட்கவும்' என்ற குறிப்பு, எல்லாக் குப்பையும் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க அந்தக் குப்பை ஒரு வரம்.

அதோடு ஒரு புது ஆபத்தும் வந்தது. சாண்ட்பாக்ஸ் உருவாகும்போது சிஸ்டத்தை உபயோகிக்கும் ஊழியர்களின் மெயில் முகவரிக்குப் பின்னால் '.இன்வேலிட்' என்று ஒட்டிவிடும், தவறிக்கூட அவர்களுக்கு மெயில் போகாது. ஆனால் வாடிக்கையாளர்களின் முகவரியை அது தொடாது. மண்ணுத்தி சேட்டனின் நிஜ முகவரி என் சாண்ட்பாக்ஸில் அப்படியே இருந்தது. புது சாண்ட்பாக்ஸில் மெயில் போவது பெரும்பாலும் அடைத்தே இருக்கும், சோதிக்க வேண்டுமென்றால் நாம்தான் திறந்துவிட வேண்டும். அதைத் திறக்கப் போய், மவுஸ் பொத்தான் மேல் இருக்கும்போது உறைத்தது. இன்னும் ஒரு சொடுக்கு, சேட்டனுக்கு 32ஆவது மெயில் போயிருக்கும். இப்போதெல்லாம் புதுப்பித்தவுடன் முதல் வேலை, வாடிக்கையாளர் முகவரி அத்தனையையும் என் சொந்த முகவரியாக மாற்றுவது. அதற்கு அப்புறம்தான் மற்றது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு, அதற்குப் பைசா செலவில்லை. நான் மட்டும் சோதிப்பதை நிறுத்தினேன். அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் போய், "உங்க மாசக் கடைசி வேலையை இங்கே ஒருதரம் செய்யுங்கக்கா" என்றேன். "ஒரே வேலையை ரெண்டு தடவையா? நல்லாருக்கு" என்றார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாலு பழம்பொரி கட்டிக்கொண்டு போன பிறகு சம்மதித்தார். டிஸ்பாட்ச் அண்ணனையும் உட்கார வைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு, எதையும் சொல்லாமல், அவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரமமாக இருந்தது. அண்ணன் ஆர்டரைத் திறந்தார். 'அனுப்பியாச்சு' என்று மாற்றினார். சேவ். மூச்சு விடுவதற்குள் மறுபடி திறந்து 'லோடு தயார்' என்று பின்னால் தள்ளினார். சேவ். மறுபடி 'அனுப்பியாச்சு'.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"வண்டி படுத்துக்குச்சுன்னு வெச்சுக்குங்க அம்மிணி. நாலு வண்டில ஒண்ணு படுக்கும். அப்ப வேற வண்டில மாத்தி ஏத்தணுமுங்ல்ல, அதுக்குத்தான்."

நிலை பின்னால் போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. என் படத்தில் அம்புக்குறி எல்லாம் ஒரே திசையில்தான் இருந்தது. அண்ணன் சொன்னதும் இன்னொன்று புரிந்தது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்டினால் ஈ-வே பில் வேண்டும், 2018 ஏப்ரல் 1 முதல் இப்படித்தான். அதில் வண்டி எண் இருப்பது பி பகுதியில். வழியில் வண்டி மாறினால் புது பில் போட வேண்டியதில்லை, பி பகுதியில் வண்டி எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். என் ஃப்ளோவோ நிலை மாறிய ஒவ்வொரு தடவையும் 'ஈ-வே பில் போடவும்' என்று புதிதாகப் பணி உண்டாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அதைக் கண்டுக்கறதில்லீங்" என்றார். சிஸ்டம் தப்பாகச் சொல்வதைப் பெருந்தன்மையோடு சகித்துக்கொண்டு, இத்தனை நாளாகத் தன் வேலையைச் சரியாகச் செய்துவந்திருக்கிறார். இப்போது இரண்டாம் தடவை 'அனுப்பியாச்சு' ஆனால், 'பி பகுதியில் வண்டி எண்ணை மாற்றவும்' என்று பணி வருகிறது. வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் புது வண்டி எண் வருகிறது. இதை நானாக யோசித்திருக்கவே மாட்டேன்.

மற்றதெல்லாம் பழக்கம். செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குத்தான் தள்ளுவேன். லோடு ஏற்றுவது மதியத்துக்கு மேல் என்பதால், தப்பு வந்தால் பார்க்க அரை நாள் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை கிடையாது. ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் கிடையவே கிடையாது. பெட்டியை முந்தின நாளே லைவில் வேலிடேட் (இறக்காமல் சோதிப்பது) மட்டும் செய்து வைத்துவிடுவேன், என்ன விட்டுப்போயிருக்கிறது என்று அதில் பாதி தெரிந்துவிடும். லைவுக்கு வரும் ஃப்ளோ ஆக்டிவ் ஆகாமல்தான் வந்து இறங்கும். வரும்போதே ஆக்டிவாக வரும்படி ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நான் போடவில்லை. இறங்குவதும் ஓட ஆரம்பிப்பதும் தனித்தனி நேரமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நடுவில் அனுமதிகளைப் பார்க்கலாம், அண்ணனின் பெயரில் லாகின் செய்து அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்கலாம், ஒரு காபி குடிக்கலாம்.

மொத்தமாக ஏற்றும் வேலைக்குத் தனியாக ஒரு கஸ்டம் பெர்மிஷன் வைத்திருக்கிறேன். அது யாரிடம் இருக்கிறதோ அவர் செய்யும் மாற்றத்துக்கு ஃப்ளோ வாசலிலேயே நின்றுவிடும். அக்கா எக்செல் ஏற்றும் நாளில் அதை அவருக்குக் கொடுத்து, முடிந்ததும் எடுத்துவிடுவேன். ஃப்ளோவை டிஆக்டிவ் செய்தால் அது ஒரு நிமிடத்தில் நின்றுவிடும் என்பது வாஸ்தவம். அந்த வெள்ளிக்கிழமையும் நான் முதலில் செய்தது அதைத்தான். ஆனால் அப்படிச் செய்தும், போன 1,800இல் ஒரு மெயில்கூடத் திரும்பி வரவில்லை.

சித்தி மகன் கொச்சியில் இதே துறையில், பெரிய கம்பெனியில் இருக்கிறான். நான் இன்னும் சேஞ்ச் செட்டில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பது அவனுக்குக் கேலி. "அக்கா, டெவ்ஆப்ஸ் சென்டர் 2022 டிசம்பர்லயே வந்தாச்சு. கிட்ல போடு, என்ன மாறுச்சுன்னு வரி வரியா தெரியும்" என்பான். டெவ்ஆப்ஸ் சென்டர் என்பது சேஞ்ச் செட்டுக்கு மாற்றாக வந்த கருவி, கிட் (Git) என்பது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள். அவன் சொல்வதில் பாதி சரி. எதைப் பெட்டியில் போட மறந்தேன் என்ற கேள்வியே அங்கே பெரும்பாலும் எழாது, 'லோடு மெயில் இதுதான்' போன்ற பெயர்களும் வேண்டாம். ஆனால் என் தப்பை அது பிடித்திருக்குமா? இரண்டு வட்டத்துக்கும் ஃப்ளோவின் ஃபைலில் இருப்பது ஒரே ஒரு வரி வித்தியாசம். எல்லாச் சோதனையிலும் பச்சை விளக்கு வாங்கியே தாண்டிப் போயிருக்கும். "வேற ஒருத்தர் அந்த ஃபைலைப் படிச்சிருந்தா கேட்டிருப்பாங்கல்ல?" என்றான் அவன். கேட்டிருக்கலாம். எங்கள் கம்பெனியில் அந்த வேற ஒருத்தர் இல்லை, நான் ஒருத்திதான். இந்த வருடம் மாறப் பார்க்கிறேன், அவன் நச்சரிப்புக்காகவாவது.

மண்ணுத்தியில் அன்று காத்திருந்த நான்கு பேருக்கும் சேட்டன் கொடுத்த கூலியை, அடுத்த பில்லில் கழித்துக்கொடுத்தோம். முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். மெயிலின் தலைப்பில் இப்போது ஆர்டர் எண், வண்டி எண், கிளம்பிய நேரம் மூன்றும் வருகின்றன.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு சேட்டனுக்கு ஒரு லோடு. அண்ணன் நிலையை மாற்றினார். பணி உருவானது, நேரம் பதிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது, ஒரே ஒரு மெயில் போனது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, என் போன் அடித்தது.

"மேடம், மெயில் வந்நு. வண்டி உண்டோ?"

"உண்டு சேட்டா."

"சத்யம்?"

இன்னொரு போனில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். வண்டி கேட்டைத் தாண்டி மீனாட்சிபுரம் ரோட்டில் ஏறியிருந்தது. சேட்டனிடம் சொன்னேன். "எந்நா ஞான் ஆள்க்காரெ விளிக்காம்" (அப்படியென்றால் ஆட்களைக் கூப்பிடுகிறேன்) என்று சொல்லி வைத்தார். ஒவ்வொரு லோடுக்கும் இப்படித்தான் கூப்பிடுகிறார்.